தூணார் லீவில் போகிறார்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் காட்டுக்கும் மலைக்கும் அலைய வேண்டியதில்லை. எந்த அலுவலகத்திலும் மாடிக்கு ஒன்று கிடைக்கும். வீட்டுக்கு ஒன்று நிச்சயம். குயிலைக் குரலை வைத்துக் கண்டுபிடிப்பதுபோல இதையும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். "நான் மட்டும் இல்லேன்னா" என்று தொடங்கும். மீதி வாக்கியத்தை நாமே முடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இனத்துக்குக் காய்ச்சல் வந்தால் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்து, இருமிக்கொண்டே நான்கு பேரை விரட்டும். லீவு எடுக்காது, தப்பித்தவறி எடுத்தால் வீட்டிலிருந்தே போன் போட்டு நன்றாக நடந்துகொண்டிருக்கும் வேலையைக் கெடுக்கும். சாவி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாது. சொல்லிவிட்டால் அப்புறம் யார் தேடி வருவார்கள்? வேலை கற்றுக்கொள்ள யாராவது பக்கத்தில் வந்து நின்றால் "சொல்லித் தரேன், சொல்லித் தரேன்" என்று சொல்லிச் சொல்லியே பணி ஓய்வு வயதை எட்டிவிடும். பொல்லாத இனம் என்று சொல்ல மாட்டேன். உழைக்கிற இனம். அதுதான் சிக்கலே. சோம்பேறியைத் திட்டலாம், இதை என்ன செய்வது?

நமக்கு அகப்பட்டவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிறவர். ஐந்து மாடிக் கட்டடம். எப்போதோ, யாருடைய பிரிவு உபசாரத்திலோ, மேலாளர் பேச்சுவாக்கில் "இவர் நம்ம ஆபீசுக்கே ஒரு தூண்" என்று சொல்லிவிட்டார். மேலாளர் கூட்டம் கலைவதற்குள் மறந்துவிட்டார். தூண் மறக்கவில்லை. மற்றவர்களும் மறக்கவில்லை. மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் தூணார், தூணார் என்றே அழைத்தார்கள்.

தூணாரை நன்றாக அறிந்தவள் அவர் மனைவி. அதிகம் பேசாதவள். பேசாதவர்களுக்கு இரண்டு கண் போதாது என்று கடவுள் இன்னும் இரண்டு கொடுத்திருப்பார் போல. எதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே கிளம்பினால் ஜன்னலைச் சாத்துவது, கேஸை மூடுவது, கதவைப் பூட்டுவது எல்லாம் அவள். எல்லாம் முடிந்த பிறகு தூணார் வருவார். ஜன்னலை ஒரு தட்டு, கேஸ் குமிழை ஒரு திருகு, பூட்டை ஒரு இழுப்பு. பிறகு ஒரு பெருமூச்சு. பூட்டியவள் அவள், பூட்டு பூட்டிக்கொண்டிருப்பது அவரால். இத்தனை வருடமும் அவள் இதற்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. சில வீடுகள் இப்படித்தான் ஓடும்.

ஆனால் பேரன் பிறந்த பிறகு அவளுக்குப் பொறுமை கொஞ்சம் குறைந்தது. மகள் வெளியூரில் இருக்கிறாள். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. தூணார் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. முதல் தடவை டிக்கெட் எடுத்தபோது தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றார். இரண்டாம் தடவை நாலாம் மாடியில் கேபிள் மாற்றுகிறார்கள் என்றார். அதனால் தினமும் போனில்தான் கொஞ்சல். விளைவு என்னவென்றால், "தாத்தா எங்கே?" என்று கேட்டால் குழந்தை கைப்பேசியைக் காட்டியது. சில சமயம் தாத்தாவின் மற்ற பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று போனைத் திருப்பி முதுகையும் பார்த்தது.

மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் அப்பா வரலைன்னா நீ மட்டும் கிளம்பி வாம்மா. அவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா இவன் நடந்து நானே வரேன்னு கிளம்பிடுவான்."

மூன்றாம் தடவை டிக்கெட் எடுத்தாயிற்று. மதிய ரயில். டாக்சி வந்துவிட்டது. பெட்டிகள் ஏறிவிட்டன. தூணார் பூட்டை இழுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டு ஏறி உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன் போற வழியில ஆபீஸ்ல ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம். அஞ்சே நிமிஷம்" என்றார்.

அலுவலகம் ஸ்டேஷன் போகிற வழியில் இல்லை. அவள் சொல்லவில்லை. டிரைவர் சொன்னார். தூணார் காதில் விழவில்லை.

முதல் மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதற்கு வெளியே நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். உள்ளே குளிரும் இரைச்சலுமாக, ஆள் உயர இரும்புச் சட்டத்தில் மூன்று தட்டையான பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சுவிட்ச் என்பார்கள், விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. ஐந்து மாடிக் கம்ப்யூட்டர்களிலிருந்தும் மேசைத் தொலைபேசிகளிலிருந்தும் வருகிற கேபிள்கள் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். மூன்று பெட்டிகளையும் முதுகுப் பக்கம் குட்டை கேபிள்களால் பிணைத்திருந்தார்கள். அப்படிப் பிணைத்துவிட்டால் மூன்றும் சேர்ந்து ஒரே பெட்டிபோல வேலை செய்யும். அதில் ஒன்று தலைமை. தலைமைக்கு ஏதாவது ஆனால் மற்றவை தங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். கூட்டம் போடாது, மாலை போடாது, முறைத்துக்கொள்ளாது. ஆகையால்தான் அவற்றை இயந்திரம் என்கிறோம்.

மேல் பெட்டிதான் தலைமை. தூணார் வைத்தது. அந்தப் பெட்டியைத் தன் கையால் ஏற்றி வைத்த நாளிலிருந்து அவர் அதை அணைத்ததே இல்லை. அலுவலகத்துக்கு யார் வந்தாலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் அழைத்துவந்து, "இது எத்தனை வருஷமா ஒரு தடவைகூட அணையாம ஓடுது தெரியுமா?" என்பார். பெட்டி செய்த கம்பெனி, உள்ளே ஒரு கோளாறு இருக்கிறது, திருத்திய மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று பல தடவை சொல்லியனுப்பியது. ஏற்றினால் ஒரு தடவை அணைத்து எழுப்ப வேண்டும். அணைத்தால் ஓடிய கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். "நல்லா ஓடறதை எதுக்கு நோண்டணும்?" என்று தூணார் விட்டுவிட்டார்.

தூணாரின் உதவியாளர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் "சொல்லித் தரேன்" கேட்டுக்கொண்டிருப்பவள். எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டாள்.

"சார், நீங்க ஊருக்குக் கிளம்பலையா?"

"கிளம்பிட்டேன். இங்க ஒண்ணும் இல்லையே?"

அவள் ஒரு நொடி தயங்கினாள். அந்தத் தயக்கத்திலேயே தூணார் முகம் மலர்ந்துவிட்டது.

"காலையில மேல் பெட்டி தானா அணைஞ்சு தானா எழுந்துடுச்சு சார். அதுக்குள்ள ரெண்டாவது பெட்டி தலைமையை எடுத்துக்கிச்சு. மேல் பெட்டியில நேரா மாட்டின நாலஞ்சு மேசைக்குத்தான் கொஞ்ச நேரம் கட்டாகியிருக்கும். யாருக்கும் ஒண்ணும் தெரியல."

அணைந்தது என்றபோது அவர் முகத்தில் கவலை. தானா எழுந்துடுச்சு என்றபோது சுளிப்பு. யாருக்கும் ஒண்ணும் தெரியல என்றாளே, அப்போது அந்த முகத்தில் வந்ததை மனைவி பார்த்தாள். கல்யாண வீட்டில் பந்தியில் தன்னை விட்டுப் பரிமாறிக்கொண்டு போனால் வருமே, அந்த முகம்.

"தெரியாம எப்படிம்மா இருக்கும்?" என்று தூணார் எதிரே இருந்த கணக்குப் பிரிவுக்குள் நுழைந்தார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது.

"காலையில நெட் கட்டாச்சா?"

"இல்லையே சார்" என்றார் கணக்கர்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. கொஞ்சம்கூட? ஒரு இழுவை, ஒரு தயக்கம்?"

"இல்ல சார். ஓடுச்சே."

"பரவாயில்ல, சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

தூணார் இவ்வளவு கெஞ்சிக் கேட்கும்போது ஒன்றும் இல்லை என்று அனுப்ப மனம் வராமல் பக்கத்து மேசைக்காரர், "எனக்கு ஒரு வீடியோ ரொம்ப நேரம் சுத்துச்சு சார்" என்றார்.

"பாத்தீங்களா? எப்ப?"

"முந்தாநேத்து."

தூணார் இரண்டாம் மாடிக்குப் போனார், மூன்றாம் மாடிக்குப் போனார். புகார் பிச்சை எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் மாடி மாடியாக ஏறுவதை இதற்கு முன் அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அதற்கப்புறம் அவர் செய்ததைக் குறை சொல்ல முடியாது. வேலை தெரிந்தவர்தான். முதலில் மின்சாரமா என்று பார்த்தார். அதே பலகையில் மாட்டியிருந்த மற்றவை அணையவில்லை, அதனால் இல்லை. பிளக் ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார், ஆடவில்லை. சூடா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், இல்லை. முதுகுப் பக்கத்துக் குட்டை கேபிள்களை அழுத்திப் பார்த்தார்; கெட்டியாக இருந்தன. கடைசியில் மடிக்கணினியைச் செருகி, பெட்டி விழுவதற்கு முன் என்ன சொல்லிவிட்டு விழுந்தது என்று படித்தார். படித்துவிட்டு அசையாமல் நின்றார்.

மனைவி உதவியாளரைப் பார்த்தாள். "என்னவாம்?"

"மெமரி நிரம்பிடுச்சு அக்கா. அந்தப் பழைய மென்பொருள்ல ஒரு கோளாறு. வேலை முடிஞ்சதும் கீழ வைக்க வேண்டியதைக் கீழ வைக்காது. ஒண்ணொண்ணாத் தலையில ஏத்திக்கிட்டே போகும். அணைக்காம எவ்வளவு நாள் ஓடுதோ அவ்வளவு பாரம். ஒரு நாள் தாங்காம மயக்கம் போட்டு விழுந்துடும்."

"நடுவுல ஒரு தடவை அணைச்சு எடுத்திருந்தா?"

"விழுந்திருக்காது."

"லீவு கொடுத்திருக்கணும்னு சொல்றீங்க."

உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

இனி என்ன? காரணம் தெரிந்துவிட்டது. திருத்திய மென்பொருளை அலுவலகம் இல்லாத ஒரு நாளில் ஏற்றினால் தீர்ந்தது. உதவியாளரும் அதைத்தான் சொன்னாள். "நீங்க கிளம்புங்க சார். ஞாயித்துக்கிழமை நான் வந்து போட்டுடறேன். இப்ப எல்லாம் ஓடுது."

"ஓடுது. சரியா ஓடல."

"என்ன சார் சரியில்ல?"

"ரெண்டாவது ஓட்டுது."

"ஓட்டட்டுமே சார்."

"அது எப்படிம்மா? மேல் பெட்டிதான் தலைமை. அது ஒரு நிமிஷம் அப்படித் திரும்பினா அடுத்தது உக்காந்துடறதா? அப்புறம் ஒழுங்குன்னு ஒண்ணு எதுக்கு?"

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு குணம். ஒரு தடவை புதுத் தலைமை வந்துவிட்டால், பழைய தலைமை எழுந்து வந்தாலும் அதுவாக இறங்கி இடம் கொடுக்காது. மறுபடி தேர்தல் வைக்க மூன்றையும் அணைத்து எழுப்ப வேண்டும். நட்ட நடு வேலை நேரத்தில், ஐந்து மாடியும் வேலை செய்துகொண்டிருக்கும்போது, எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மூன்று பெட்டிகளைத் தூணார் ஒழுங்கை நிலைநாட்டுவதற்காக அணைத்தார்.

இப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

மேசைத் தொலைபேசிகள் செத்தன. கீழே பணம் கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றபடி முணுமுணுத்தார்கள். மாடிப்படியில் காலடிச் சத்தம். "சார், நெட் போச்சு." "சார், பாதி டைப் பண்ணியிருந்தேன்." "சார் எங்க? சாரைக் கூப்பிடுங்க." கண்ணாடிக்கு வெளியே கூட்டம் சேரச் சேரத் தூணார் நிமிர்ந்தார். பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். "பதட்டப்படாதீங்க. நான் இருக்கேன்" என்றார். அவர் இருந்ததுதான் பிரச்சினை என்பது கூட்டத்துக்குத் தெரியாது.

மேலாளரே இறங்கி வந்துவிட்டார். "காலையில தானா அணைஞ்சப்ப ஒண்ணும் ஆகலையாமே. இப்ப என்ன?"

"அதைத்தான் சார் சரிபண்ணிக்கிட்டிருக்கேன்."

பெட்டிகள் எழுந்தன. ஆனால் மேல் பெட்டிக்கு வயதாகிவிட்டது. கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று ஒவ்வொரு உறுப்பாகச் சோதித்துக்கொண்டு அது எழுந்து வருவதற்குள், இரண்டாவது பெட்டி "யாரும் இல்லையா? சரி, நானே" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

தூணார் திரையைப் பார்த்தார். மறுபடியும் அணைத்தார்.

டிரைவர் மாடியேறி வந்தார். "அம்மா, இதுக்கு மேல லேட்டாச்சுன்னா ரயில் நிக்காது. அது என் மாமனார் வண்டி இல்ல."

அவள் எழுந்து கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இரைச்சல். தூணார் திரும்பாமலே ஐந்து விரலை விரித்துக் காட்டினார். அவளும் கையைத் தூக்கிக் காட்டினாள். சரி என்கிறாள் என்று கண்ணாடியில் பார்த்து அவர் நினைத்துக்கொண்டார். அவள் போய்வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

டிக்கெட் அவள் கைப்பையில்தான் இருந்தது. வீட்டுச் சாவியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் தனியாக ரயிலேறினாள். ஏறுவதற்கு முன்பு ரொம்பப் பயமாக இருந்தது. ஏறிய பிறகு ஜன்னலோரம் கிடைத்தது. எதிர் சீட்டில் இருந்தவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். இறங்க வேண்டிய ஊரில் இறங்கினாள். அவ்வளவுதானா என்று இருந்தது.

மருமகன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். வீட்டில் மகள் வாசலிலேயே நின்றாள். அம்மாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"நினைச்சேன்" என்றாள். உள்ளே திரும்பிப்போன வேகத்தில் மிச்சம் தெரிந்தது. குழந்தையோ பாட்டியைப் பார்த்தவுடனே கைப்பேசியைத் தேடியது.

ராத்திரி தூணார் போனில் பேசினார். குரல் கம்மியிருந்தது. மேலாளர் கடைசியில் "எந்தப் பெட்டி தலைமையா இருந்தா எனக்கென்ன, தயவுசெஞ்சு இனிமே கைவைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாராம். மூன்று தடவை அணைத்தும் இரண்டாவதுதான் ஓட்டுகிறதாம்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு கவலை. "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"எங்க சாப்பிட்டீங்க?"

"வீட்டுலதான். நானே சமைச்சேன்."

"ஐயோ. எது எங்க இருக்குன்னு தெரியாமத் தேடியிருப்பீங்களே."

"இல்லையே. கைக்கெட்டின இடத்துலயே இருந்துச்சு."

"உப்பு?"

"சரியா இருந்துச்சு."

"பாத்திரமெல்லாம் அப்படியே போட்டு வெச்சிருப்பீங்க."

"கழுவிக் கவுத்துட்டேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குக் கீழே எங்கோ சுருக்கென்றது. "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள். "கொஞ்சம்கூடக் கஷ்டமா இல்லையா? சும்மா சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் இந்தப் பேச்சை எங்கே கேட்டோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. இன்றைக்குத்தான். கணக்குப் பிரிவின் திறந்த கதவு வழியாக.

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே விடாமல் விழுங்கினாள். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும் அல்லவா?

"இங்க ஒரு சிக்கல்" என்றாள் மெதுவாக. "குழந்தைக்குப் புதுசாக் கட்டில் வாங்கியிருக்காங்க. கம்பி கம்பியா மாட்டறது. மாப்பிள்ளை மாட்டிப் பாத்தாரு. ஸ்குரூ ஒண்ணு மிச்சமாகுது. ஆடற மாதிரியும் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. உங்களை வந்து பாக்கச் சொல்லலாம்னா உங்களுக்கு அங்க வேலை. இதை யாரு பாக்கறது?"

மறுமுனையில் மூச்சு மாறியது. "யாரும் கைவைக்காதீங்க" என்றார் தூணார். "காலையில முதல் வண்டியில வரேன்."

அவள் போனை வைத்துவிட்டு மருமகனிடம் போனாள். அறை மூலையில் கட்டில் மலைபோல அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் கழட்டுங்க."

"நல்லாத்தானே அத்தை இருக்கு?"

"தெரியும். கழட்டுங்க. ஒரு ஸ்குரூவை மட்டும் எங்கிட்ட கொடுங்க."

தூணார் வந்தார். குழந்தை அவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு தவழ்ந்து அவருக்குப் பின்னால் போய், முதுகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தது. இருந்தது. அதன் பிறகு அவர் மடியை விட்டு இறங்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் கட்டிலை மாட்டினார். மிச்சமான ஸ்குரூவுக்கும் ஓர் இடம் கண்டுபிடித்தார். ஆட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "நான் மட்டும் வரலேன்னா" என்றார். மகள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா அவள் காலை மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உதவியாளர் மென்பொருளை ஏற்றிவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். அவரால் பொறுக்க முடியவில்லை, கூப்பிட்டார். "இப்ப எது தலைமை?"

"கவனிக்கலையே சார். ஓடுது."

அன்று முழுவதும் தூணார் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ல சிக்னல் சரியில்லையோ?" என்று மருமகனைக் கேட்டார். அவர் மனைவியோ, தான் வைப்பதைவிட நன்றாக இருந்த மகளின் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஒரு கல்லு தூக்கலோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு ஆள் உண்டு என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வீர்கள். சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் பேச்சை மாற்றினார் என்று மட்டும் பிறகு யோசித்துப் பாருங்கள். லீவு முடிந்து திரும்பியவுடன் "நான் இல்லாதப்ப ஏதாவது பிரச்சினை வந்துச்சா?" என்று ஆசையாகக் கேட்டதில்லையா? "ஒண்ணும் இல்லையே" என்றவுடன் நெஞ்சுக்குக் கீழே சுருக்கென்றதில்லையா?

வேறு சோதனை எதுவும் வேண்டாம். இவ்வளவு நேரமாக உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைத் தேடி யாரும் வரவில்லை, கவனித்தீர்களா?

எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றுகிறதா? உட்காருங்கள். அங்கே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.